யு.கே.ஜி. குழந்தைக்கு ஐ.க்யூ. டெஸ்ட்... எதை எடுப்பது, எதை விடுவது?

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அளவெடுப்பது புதிதல்ல. வெர்னியர் காலிபர், மைக்ரோமீட்டர், கேஜ் என்று நாள் முழுக்க அதே வேலைதான். ஒவ்வொரு கருவியிலும் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எப்போது காலிப்ரேஷன் செய்தார்கள், அடுத்து எப்போது செய்ய வேண்டும் என்று அதில் தேதி போட்டிருப்பார்கள். தேதி தாண்டிய கருவியில் எடுத்த அளவை குவாலிட்டியில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். 150 மில்லிமீட்டர் காலிபரை வைத்துக்கொண்டு 200 மில்லிமீட்டர் பாகத்தை அளக்கவும் யாரும் போக மாட்டார்கள்.

இதெல்லாம் அத்துப்படியான அப்பா, தன் ஐந்து வயது மகளுக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கப் போகும்போது மட்டும் இரண்டே கேள்வி கேட்கிறார். ஒன்று, "எவ்வளவு ஆகும்?" இன்னொன்று, "எத்தனை வந்தா நல்லது?" எந்தக் கருவி, அது எந்த வயதுக்கு, எப்போது காலிப்ரேஷன் செய்தது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இந்தப் பேச்சு வருவது இயல்பு. 1990-களின் கடைசியில் ஹூண்டாய் இங்கே கார் தயாரிக்க ஆரம்பித்ததில் இருந்து, திருவண்ணாமலை, விழுப்புரம், செய்யாறு என்று பல ஊர்களில் இருந்து வந்து சுங்குவார்சத்திரத்திலும் படப்பையிலும் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்து வேலைக்கு வந்தவர்கள். 'நாம படிச்சது இவ்வளவுதான், பிள்ளை இதுக்கு மேல போகணும்' என்பது வீட்டுக்கு வீடு இருக்கும் எண்ணம். அப்படி ஒரு வீட்டில், மூன்றரை வயதில் கம்பெனி பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலரை வயதில், சுவரில் ஒட்டியிருக்கும் ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து "அடுத்த வாரம் அப்பாவுக்கு நைட்" என்று சொல்கிறது. யு.கே.ஜி.யில் மிஸ் ஒரு பக்கம் முழுக்க 'ஏ' எழுதச் சொன்னால், மூன்று எழுத்து எழுதிவிட்டு ஜன்னல் வழியே லாரிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் 'ஜீனியஸ்' என்கிறார்கள். ஸ்கூலில் 'கவனமே இல்லை' என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அம்மா குழம்பி நிற்கும்போது யாராவது ஒருவர், "ஒரு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்" என்கிறார்.

கைரேகையில் தெரியாது

தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தள்ளிவிட வேண்டிய சில உண்டு. முதலாவது, பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, பிள்ளை டாக்டரா, என்ஜினீயரா, வலது மூளையா, இடது மூளையா என்று ஐம்பது அறுபது பக்கத்துக்கு கலர் புத்தகம் போட்டுக் கொடுக்கும் 'டி.எம்.ஐ.டி.' சோதனை. பொருட்காட்சி ஸ்டாலிலும் பள்ளி ஆண்டு விழாவிலும்கூட இதற்கு ஆள் பிடிக்கிறார்கள். விரல் ரேகை, குழந்தை கருவில் இருக்கும்போதே அமைந்துவிடுவது. அதை வைத்து அறிவை அளக்க எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு கலர் சொல்ல வைக்கும் 'மிட்பிரெயின்' வகுப்பையும் இதே கணக்கில் சேர்த்துவிடலாம். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்க்கிறார்கள். பொய் சொல்லப் பழக்குவதற்கு ஃபீஸ் வேறு.

போனில் வரும் இலவச ஐ.க்யூ. டெஸ்ட்டும் வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தையின் அறிவை, எதிரில் உட்கார்ந்து, அது யோசிப்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர்தான் அளக்க முடியும். நூறு நாட்டுத் தலைநகரை ஒப்பித்ததற்குக் கிடைத்த சாதனைச் சான்றிதழும் மெடலும் தாத்தா பாட்டிக்கு சந்தோஷம் கொடுக்கும். அது நினைவாற்றலுக்கும், சொல்லிக்கொடுத்த அம்மாவின் பொறுமைக்கும் கிடைத்த மெடல். புத்திக்கூர்மைக்கான அளவு அல்ல.

எதற்காக அளக்கிறோம்?

நல்ல உளவியலாளராக இருந்தால், டெஸ்ட் பெட்டியைத் திறப்பதற்கு முன் அம்மாவிடம் இதைத்தான் கேட்பார். உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்.

"சொல்லுங்கம்மா, டெஸ்ட் எதுக்காக வேணும்?"

"ஸ்கூல்ல சொன்னாங்க மேடம்."

"ஸ்கூல்ல என்ன சொன்னாங்க? படிப்புல முந்திப் போறான்னா, இல்ல எழுத மாட்டேங்கிறான்னா?"

"ரெண்டும்தான் சொன்னாங்க..."

அந்த 'ரெண்டும்தான்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அபாரமாக யோசிக்கும் பிள்ளைக்கு எழுதுவதில் மட்டும் சிரமம் இருக்கலாம். டிஸ்லெக்சியா இருந்தும் கூர்மையான புத்தியால் அதை மறைத்து, மூன்றாம் வகுப்பு வரை சமாளித்துக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட குழந்தைக்கு ஒற்றை எண் மட்டும் தரும் டெஸ்ட் போதாது. எது பலம், எது சிரமம் என்று பிரித்துக் காட்டும் டெஸ்ட் வேண்டும். வகுப்பில் சலிப்பு, கொஞ்சம் கனமான பாடம் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி என்றால், உயரத்தை ஒழுங்காக அளக்கும் டெஸ்ட் வேண்டும். சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு நம்பர் வேண்டும் என்றால், அந்தப் பணத்தில் குழந்தைக்குக் கதைப் புத்தகம் வாங்கிவிடலாம்.

பள்ளியில் சேர்க்க சர்டிஃபிகேட் தேவை என்று யாராவது சொன்னால், ஒரு தகவலை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு, ஒன்றாம் வகுப்பு சேர்க்கைக்காக குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறை 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. அதேபோல, ஐ.க்யூ. 140 என்று ரிப்போர்ட் கொண்டுபோய்க் கொடுத்தாலும், இந்தப் பிள்ளைக்குத் தனியாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று பள்ளியைக் கட்டாயப்படுத்த சட்டம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 'மீத்திறன்' குழந்தைக்கு அப்படி எதுவும் இல்லை. ரிப்போர்ட்டை வைத்து ஆசிரியரிடம் பேச மட்டுமே முடியும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

1905-ல் பாரிஸில் ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் என்ற இருவர் உருவாக்கியதுதான் இந்த டெஸ்ட்டுகளுக்கெல்லாம் பாட்டி. வகுப்பில் பின்தங்கி, கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார்கள். மேதைகளைத் தேட அல்ல. இந்தியாவில் அந்த வேலையை முதலில் தொடங்கியவர் லாகூரில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் ரைஸ், 1920-களில். அதன்பிறகு வி.வி. காமத், தார்வார் பகுதிக் குழந்தைகளை வைத்து கன்னடத்திலும் மராத்தியிலும் பினே சோதனையைத் தழுவி எழுதினார். அதுதான் 'பினே-காமத் டெஸ்ட்'. இன்றைக்கும் நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படுவது. மூன்று வயதில் இருந்தே கொடுக்கலாம் என்பதால் சின்னக் குழந்தைகளுக்கு இதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

ஆறு வயது ஆகிவிட்டால் 'மிசிக்' வரும். நாக்பூரில் இருந்த ஆர்தர் மாலின் என்பவர், அமெரிக்காவின் வெக்ஸ்லர் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றி 1969-ல் வெளியிட்டது. வார்த்தை சம்பந்தப்பட்டவை ஆறு, கையால் செய்து காட்ட வேண்டியவை ஐந்து என்று பதினோரு பகுதிகள். ஐந்தே கால் வயதுப் பிள்ளைக்கு யாராவது மிசிக் எடுப்பதாகச் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். அதன் அளவே ஆறில்தான் தொடங்குகிறது.

தனியார் மையங்களில் வெக்ஸ்லரின் புதிய பதிப்புகள் இருக்கும். 'விஸ்க்-4 இந்தியா' ஆறு வயது முதல் பதினாறு வயது வரைக்கும். இந்தியக் குழந்தைகளைச் சோதித்துத் தரப்படுத்தியது. அதைவிடச் சின்னவர்களுக்கு 'விப்சி' என்று ஒன்று, இரண்டரை வயதில் இருந்து ஏழு வயது ஏழு மாதம் வரை. அப்படியானால் ஆறரை வயதுப் பிள்ளைக்கு இரண்டில் எது? காலிபர் கதை இங்கேதான் உதவுகிறது. குழந்தைக்கு வளர்ச்சி தாமதமோ என்ற சந்தேகம் என்றால் விப்சி நல்லது. அதில் சுலபமான கேள்விகள் அதிகம். பிள்ளை முந்திப் போகிறதோ என்பது கேள்வி என்றால் விஸ்க்தான் சரி. அதில் மேலே ஏற இடம் இருக்கிறது. விப்சியில் அந்தப் பிள்ளை கடைசிக் கேள்வி வரை சரியாகச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு உயரம் என்று தெரியாமலே போய்விடும். கூரை தாழ்வாக இருக்கும் வீட்டில் உயரம் அளப்பது மாதிரி.

இன்னொன்று, பத்து மர வடிவங்களைப் பலகைக் குழிகளில் பொருத்தச் சொல்லி நேரம் பார்க்கும் 'செகுவின் பலகை'. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், செலவும் குறைவு. ஆனால் அது மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக 19-ம் நூற்றாண்டில் பிறந்த கருவி. கை வேகமான பிள்ளைக்கு அதில் பெரிய எண் வரும். அதை நம்பி வகுப்பு மாற்றக் கூடாது. அதேபோல, 'குழந்தை தானே சாப்பிடுமா, சட்டைப் பட்டன் போடுமா' என்றெல்லாம் அம்மாவைக் கேட்டு எழுதும் வைன்லாண்ட் அளவுகோலிலும் நூறு, நூற்றிருபது என்று ஒரு எண் வரும். அது சமூக முதிர்ச்சிக்கான எண். ஐ.க்யூ. என்று சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம்.

ஒடியா வீட்டுப் பிள்ளையும் தமிழ் வீட்டுப் பிள்ளையும்

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் மொழி. வீட்டில் ஒடியா, பக்கத்து போர்ஷனில் இந்தி, தெருவில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ் என்று வளரும் குழந்தைகள் ஒரகடம் பக்கம் இப்போது நிறைய. நான்கு மொழியையும் சமாளிப்பதே புத்திசாலித்தனம்தான். ஆனால் டெஸ்ட்டில் 'இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்' என்று இங்கிலீஷில் கேட்டால், அந்தக் குழந்தை முழிக்கும். மார்க் குறையும். 'சுமார்' என்று எழுதிவிடுவார்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கும் இதேதான். இங்கிலீஷ் மீடியம் படிக்கிறது என்பதற்காக இங்கிலீஷிலேயே டெஸ்ட் எடுக்கிறார்கள். அஞ்சு வயதில் பாட்டியோடு பேசும் தமிழில்தான் அது யோசிக்கும். 'உரல்' என்றால் என்ன என்று கேட்டால் கையால் செய்தே காட்டிவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: "எந்த மொழியில கேட்பீங்க மேடம்? கேள்வியை நீங்களே தமிழ்ல மாத்திக் கேட்பீங்களா, இல்ல தமிழ்லயே தயார் பண்ணினதா?" உளவியலாளரே மொழிபெயர்த்துக் கேட்பது தப்பில்லை. ஆனால் அப்படி வந்த எண்ணை, 'தோராயமாக' என்ற சொல்லோடுதான் படிக்க வேண்டும். அதை ரிப்போர்ட்டிலும் எழுதச் சொல்லலாம்.

மொழிச் சிக்கல் இருக்கும் குழந்தைக்கு 'ரேவன் கலர் மேட்ரிசஸ்' கைகொடுக்கும். 36 கலர் வடிவங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். கீழே இருக்கும் ஆறில் சரியானதைத் தொட்டுக் காட்டினால் போதும், பேசவே வேண்டாம். ஐந்து வயதில் இருந்து கொடுக்கலாம். ஆனால் வடிவங்களை வைத்து யோசிக்கும் திறனை மட்டும்தான் அது காட்டும். கதை சொல்வதில் கெட்டிக்காரப் பிள்ளை அதில் சாதாரணமாக வரலாம். அதனால் தனியாக அதை மட்டும் எடுக்காமல், இன்னொன்றோடு சேர்த்து எடுப்பது நல்லது.

225 எப்படி வந்தது?

திருநெல்வேலியைச் சேர்ந்த விசாலினிக்கு ஐ.க்யூ. 225 என்று பத்திரிகைகளில் வந்தது பலருக்கு நினைவிருக்கும். பள்ளி வயதிலேயே, பெரியவர்கள் எழுதும் கம்ப்யூட்டர் சான்றிதழ் தேர்வுகளை எழுதித் தேறியவர். அவர் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, தன் பிள்ளைக்கு 128 வந்திருக்கிறதே என்று வாடிப்போகும் அம்மாக்களுக்காக ஒரு கணக்கு.

பழைய முறையில், 'மன வயதை' உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். நாலு வயதுக் குழந்தை, ஆறு வயதுப் பிள்ளைகள் செய்வதைச் செய்தால் 150. எட்டு வயதுப் பிள்ளைகள் செய்வதைச் செய்தால் 200. பினே வழியில் வந்த பழைய சோதனைகள் இப்படித்தான். சின்ன வயதில் ஒன்றிரண்டு வருஷம் முந்தினாலே எண் எகிறிவிடும். அமெரிக்காவில் மர்லின் வோஸ் சாவன்ட் என்ற பெண்ணுக்கு வந்த 228 இந்தக் கணக்குதான். பத்து வயதில் 22 வயது 10 மாதத்துக்கான மன வயது. கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் இருந்தது. பிறகு, இப்படிப்பட்ட எண்களை ஒப்பிடவே முடியாது என்று 1990-ல் கின்னஸ்காரர்களே அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள்.

விஸ்க் போன்ற புதிய சோதனைகள் வேறு விதம். அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரை வரிசையாக நிற்க வைத்தால் இந்தப் பிள்ளை எங்கே நிற்கும் என்று பார்ப்பவை. சராசரி 100. சுமார் 130-க்கு மேல் வருவது நூற்றில் இரண்டு பேர்தான். பொதுவாக 160-க்கு மேல் எண் போடுவதில்லை. ஆக, பழைய முறையில் 150 வாங்கிய குழந்தை, புது முறையில் 130-களில் வரலாம். குழந்தையின் புத்தி குறைந்துவிடவில்லை. இஞ்ச் டேப்பை வைத்துவிட்டு சென்டிமீட்டர் டேப்பை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். டெஸ்ட்டின் பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்பவரிடம் பேச்சை மாற்றிவிடுவது நல்லது.

காலிப்ரேஷன் தேதியும் முக்கியம். உலகம் முழுக்கவே தலைமுறைக்குத் தலைமுறை குழந்தைகள் இந்தச் சோதனைகளில் கூடுதல் மதிப்பெண் எடுத்து வந்திருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு சுமார் மூன்று புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு. நியூசிலாந்து ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் பெயரில் அதை 'ஃபிளின் விளைவு' என்பார்கள். அரை நூற்றாண்டுக்கு முந்தைய குழந்தைகளோடு ஒப்பிட்டால், இன்றைய குழந்தை இருப்பதைவிட உயரமாகத் தெரியும். மிசிக்கில் 135 என்றால் மகிழ்ச்சியடையலாம், ஆனால் துள்ளிக் குதிக்க வேண்டாம்.

யார் எடுக்கிறார்?

டெஸ்ட்டின் பெயரைவிட, எடுப்பவர் யார் என்பதுதான் பெரிய விஷயம். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்பவர், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மருந்துக் கடையில் பில் கேட்பது மாதிரிதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தையோடு உட்காருவாரா, நான்கைந்து வயதுக் குழந்தைகளைச் சோதித்துப் பழக்கம் உண்டா, முடிந்த பிறகு ரிப்போர்ட்டை எதிரில் உட்கார வைத்து விளக்குவாரா? கடைசிக் கேள்விக்கு 'கூரியரில் வரும்' என்று பதில் வந்தால், வேறு இடம் பார்க்கலாம்.

செலவு இடித்தால், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. ஒரகடத்தில் இருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போய்விடலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் உளவியலாளர்கள் உண்டு. இங்கெல்லாம் பெரும்பாலும் குறைபாட்டுச் சான்றிதழுக்காகத்தான் ஐ.க்யூ. சோதனை நடக்கிறது. வரிசையில் காத்திருக்கும் அந்தக் குடும்பங்களின் தேவை அவசரமானது. அதனால் முதலில் விசாரித்துவிட்டு, 'இப்படி ஒரு காரணத்துக்காக எடுப்பீங்களா' என்று கேட்டுவிட்டுப் போவதே மரியாதை. படிக்க, எழுதச் சிரமப்படுகிறது என்ற சந்தேகமும் சேர்ந்திருந்தால், சென்னை தி.நகரில் இருக்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பக்கம் போகலாம்.

டெஸ்ட் அன்று காலை நேரமாக வாங்கிக்கொள்வது நல்லது. காய்ச்சல் விட்ட மறுநாள் வேண்டாம். நைட் ஷிப்ட் முடித்த அப்பா, தூக்கக் கலக்கத்தோடு பைக்கில் உட்கார வைத்து அழைத்துப்போய், "நல்லா சொல்லணும், சரியா?" என்று மிரட்டினால் எந்தக் குழந்தையும் வாய் திறக்காது. "ஒரு ஆன்ட்டி உன்கூட புதிர் விளையாடப் போறாங்க" என்றால் போதும். யூடியூபில் மாதிரிக் கேள்வி தேடி முதல் நாளே பழக்கிவிடுவது, ரத்தப் பரிசோதனைக்கு முன் மாத்திரை போட்டுக்கொண்டு போவது போல. எண் வரும், உண்மை வராது. அதே காரணத்துக்காக, எண் பிடிக்கவில்லை என்று அடுத்த மாதமே இன்னொரு இடத்தில் அதே டெஸ்ட்டை எடுப்பதும் பயன் தராது. குறைந்தது ஒரு வருஷமாவது இடைவெளி வேண்டும்.

ரிப்போர்ட்டில் எதைப் படிப்பது?

எல்லோரும் கடைசிப் பக்கத்துக்குப் போய் அந்த ஒற்றை எண்ணைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே, '124. 118-ல் இருந்து 129-க்குள்' என்பது போல ஒரு வரி இருக்க வேண்டும். எந்த அளவிலும் இருக்கும் முன்பின் அது. அந்த வரி இல்லாத ரிப்போர்ட் அரைகுறை. ஐந்து வயதில் எடுத்தது எட்டு வயதில் நன்றாகவே மாறலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான பலன் உள்பக்கங்களில் இருக்கிறது. விஸ்க் என்றால் நான்கு பகுதிகளுக்குத் தனித்தனி எண் வரும்: சொல் புரிதல், வடிவங்களை வைத்து யோசிப்பது, மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது, வேகம். முதல் இரண்டில் 135, வேகத்தில் 95 என்று வந்தால், லாரி எண்ணும் பிள்ளையின் கதை அங்கேயே புரிந்துவிடும். மூளை ஓடுகிறது, கை கூட ஓடவில்லை. நாலையும் கூட்டிச் சராசரி போட்டால் அந்தப் பிள்ளை 'பரவாயில்லை' என்ற கூட்டத்தில் காணாமல் போய்விடும். இப்படி இடைவெளி பெரிதாக இருந்தால், வேகத்தையும் மனக்கணக்கையும் ஒதுக்கிவிட்டு யோசிக்கும் திறனுக்கு மட்டும் ஒரு எண் போட விஸ்க்கிலேயே வழி இருக்கிறது. உளவியலாளரிடம் கேட்டு வாங்கலாம். அந்த ரிப்போர்ட்டை மிஸ்ஸிடம் காட்டி, "எழுதுறதைக் கொஞ்சம் குறைச்சு, வாயால கேட்டுப் பாருங்க மிஸ்" என்று சொல்ல முடிந்தால், டெஸ்ட்டுக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை.

எண் குறைவாக வந்தால்? லூயிஸ் டெர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1921-ல் தொடங்கி கலிஃபோர்னியா பள்ளிகளில் அதிக ஐ.க்யூ. உள்ள சுமார் 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆயுசு முழுக்கக் கவனித்தார். அவர் வலையில் தேறாமல் போன இரண்டு பையன்கள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரஸ். ஒருவருக்கு 1956-ல், இன்னொருவருக்கு 1968-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தேர்வான 1,500 பேரில் ஒருவருக்கும் நோபல் இல்லை.

அதிகமாக வந்தாலும் குழந்தையிடம் எண்ணைச் சொல்லாமல் இருப்பது நல்லது. 1998-ல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 'நீ ரொம்ப புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்த முறை சுலபமான கணக்கையே கேட்டார்கள். 'நல்லா உழைச்சே' என்று பாராட்டப்பட்டவர்கள் கஷ்டமானதைக் கேட்டார்கள். புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்றுவது ஐந்து வயதுக்குப் பெரிய சுமை. வீட்டில் அண்ணனோ தங்கையோ இருந்தால் சொல்லவே வேண்டாம்.

டெஸ்ட்டே வேண்டாம் என்றால்...

பெங்களூரில் தேசிய உயர் ஆய்வு நிறுவனம் மீத்திறன் குழந்தைகளுக்காக நடத்தும் திட்டத்தில், ஆசிரியரும் பெற்றோரும் கவனித்துச் சொல்வதற்குப் பெரிய இடம் கொடுக்கிறார்கள். புணேயில் 1962-ல் தொடங்கிய ஞான பிரபோதினி அமைப்பு, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக 1969 முதல் தனிப் பள்ளியே நடத்துகிறது. அங்கே சேர்ப்பது சோதனை வைத்துத்தான், ஆனால் அஞ்சாம் வகுப்புப் பருவத்துப் பிள்ளைகளை. யு.கே.ஜி. பிள்ளையை அல்ல. அவசரம் நமக்குத்தான்.

பள்ளியில் பெரிய பிரச்னை இல்லை, குழந்தை சந்தோஷமாக இருக்கிறது, எழுதவும் படிக்கவும் சிரமம் இல்லை என்றால், டெஸ்ட்டை ஏழெட்டு வயது வரை தாராளமாகத் தள்ளிப்போடலாம். அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குழந்தை கேட்கும் விசித்திரமான கேள்விகளை, தானாகக் கண்டுபிடித்த கணக்கு முறையை, எதில் மணிக்கணக்காக உட்காருகிறது என்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கலாம். பின்னால் உளவியலாளரிடம் போக நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

வார விடுமுறை நாளில் கிண்டி வழியாக ஒரே நடையாகக் கோட்டூர்புரம் போய்வரலாம். பிர்லா கோளரங்கத்தில் தலைக்கு மேல் நட்சத்திரம் காட்டுவார்கள். பக்கத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம். குழந்தைகளுக்கென்று தனித் தளம், தாழ்வான அலமாரிகள், உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. அங்கே குழந்தை எந்த அலமாரிக்கு ஓடுகிறது, எந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து 'இன்னும் கொஞ்ச நேரம்பா' என்கிறது என்று பார்த்து, அதையும் அந்த நோட்டில் எழுதிக்கொள்ளலாம். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் இல்லாத வாரமாக இருந்தால் நல்லது.